கீரைக் கட்டுரையில் என் பெயர்

அண்ணே,

புதிதாகக் கட்டிய புத்தகத்தில் பசை வாசனை ஒன்று இருக்குமே, அது ஒரு வாரமாக என் சாமி அலமாரியில் இருக்கிறது. ஊதுவத்தி கொளுத்தினாலும் போகவில்லை. உங்களிடம் படித்த சங்கீதா தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போன புத்தகம் அது. இதய நோய் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரைகள் அத்தனையையும் சேர்த்துக் கெட்டி அட்டை போட்டுக் கட்டியிருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் முதல் வருஷ நினைவுக் கூட்டத்தில் அதை வெளியிடப் போகிறார்களாம். நானும் மேடையில் ஏறி நாலு வார்த்தை பேச வேண்டுமாம்.

எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் படித்தவள் என்ன படித்துவிடுவாள். ஆனால் எண் தெரியும். முன்பக்கத்தில் கட்டுரைகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை எத்தனை பேர் எடுத்துக் குறிப்பிட்டார்கள் என்று ஒரு எண் போட்டிருக்கிறார்கள். மற்ற எண்களெல்லாம் சின்னச் சின்னதாக இருக்க, முதலில் இருப்பது மட்டும் தேர் மாதிரி உயர்ந்து நிற்கிறது. அது எது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் தெருவில் எடுத்த ரத்தத்தை வைத்து நீங்கள் எழுதியது. நம் வீட்டில் நாம் கீரைக் கட்டுரை என்று சொல்வோமே, அதுதான்.

சங்கீதா அந்தக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பொடி எழுத்தில் ஒரு வரியைக் காட்டினாள். "இங்க பாருங்க அத்தை, உங்க பேரு. வீடு வீடாப் போய் விவரம் எழுதித் தந்ததுக்கு சார் நன்றி சொல்லியிருக்காரு." என் விரலைப் பிடித்து அந்த எழுத்தின் மேல் வைத்தாள். நெருப்பில் வைத்தது போல எடுத்துக்கொண்டேன். பாவம், வெட்கப்படுகிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள்.

இத்தனை வருஷமாக என் பெயர் அதில் இருக்கிறதென்று நீங்கள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே. சொல்லியிருந்தால் அன்றைக்கே உங்கள் காலில் விழுந்திருப்பேனோ என்னவோ. விழுந்திருக்க மாட்டேன். எதற்குப் பொய். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். செத்தவருக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறது மனசு. உயிரோடு இருந்தவரிடம் சொல்லாதவள் வேறு என்ன செய்ய முடியும்?

ஒரு கழகம் போய் இன்னொரு கழகம் கோட்டைக்கு வந்த வருஷம் அது. நீங்கள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டர். வயல் வேலை செய்கிற ஜனங்களின் ரத்தத்தில் கொழுப்பு எப்படி இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை, நம் தெருவிலேயே பார்க்கப்போகிறேன் என்று வந்தீர்கள். புரட்டாசியில் ஒரு தடவை ரத்தம் எடுப்பது, வீட்டுக்கு வீடு கீரை விதை கொடுத்துத் தினம் ஒரு பிடி கீரை சாப்பிடச் சொல்வது, மாசியில் மறுபடி எடுத்துப் பார்ப்பது. இதுதான் ஏற்பாடு. மாதங்களைக்கூட யோசித்துத்தான் குறித்தீர்கள். குறுவை அறுத்தபிறகு ஒன்று, சம்பா அறுத்தபிறகு ஒன்று. "ரெண்டுமே வீட்டுல நெல்லு இருக்கற மாசம் பாப்பா. வயிறு நெறைஞ்சிருக்கும். அப்பத்தான் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட முடியும்" என்றீர்கள். டெல்டாவில் பிறந்தவருக்கு மட்டும் வருகிற யோசனை. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா.

விவரம் எழுதுகிற வேலையை என்னிடம் கொடுத்தீர்கள். பொம்பளைகள் என்னிடம்தான் வாய் திறப்பார்கள் என்று. நேற்று எத்தனை வேளை சாப்பிட்டீர்கள், சோறு எத்தனை தட்டு, கீரை எத்தனை நாள். கோடு போட்ட நோட்டில் பிள்ளையார் சுழி போட்டுத்தான் ஆரம்பித்தேன். புரட்டாசியில் எழுதியதெல்லாம் சத்தியம் அண்ணே. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

கார்த்திகையில் உங்களுக்கு வெளிநாட்டில் பயிற்சிக்கு இடம் கிடைத்துப் போனீர்கள். தையில் மிராசுதார் அறுவடை மெஷினை இறக்கினார். உங்களுக்கு நான் எழுதிய கடிதத்தில் இது ஒரே வரி. "மெஷின் சம்பந்தமாகக் கொஞ்சம் தகராறு, தாசில்தார் வந்து பேசித் தீர்த்துவிட்டார், எல்லாரும் சௌக்கியம்." அந்த ஒரு வரிக்குள் நாற்பது நாள் இருந்தது. அறுப்புக் கூலி நெல்தான் நமக்கு வருஷத்துச் சாப்பாடு. மெஷின் அறுத்தால் கூலி ஏது? தெருவே வயலில் இறங்க மாட்டோம் என்று நின்றது. ஆண்கள் பாதிப்பேர் ஸ்டேஷனில். மளிகைக் கடையில் நமக்குச் சாமான் தரக்கூடாது என்று மேலத்தெருவில் சொல்லிவிட்டார்கள். மிராசுதாரின் கணக்குப்பிள்ளை டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "பத்து நாள் விடுங்க, வயிறு கூப்புட்டுக்கிட்டு வந்துரும்" என்று சொன்னது நம் காதுக்கு வந்தது.

அன்றைக்கு மாரியம்மன் சன்னிதியில் தெரு முழுக்கக் கூடினோம். பெரியவர்கள் சூடம் ஏற்றினார்கள். பட்டினி கிடக்கிறோம் என்று வெளியாள் ஒருத்தன் காதிலும் விழக்கூடாது, யார் கேட்டாலும் சாப்பிட்டாச்சு என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொருத்தரும் சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்தோம். நானும் அடித்தேன். எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்கவில்லை. சாமி முன்னால் அதையெல்லாம் யார் கேட்பார்கள்.

மாசியில் உங்கள் ஆஸ்பத்திரி ஜீப் வந்தது. ஐஸ் பெட்டியோடு லேப்காரர், டிரைவர். அவர்கள் மேலத்தெருவில் டீ குடித்துவிட்டுத்தான் வந்தார்கள். திரும்பிப் போகும்போதும் அங்கேதான் டீ. இங்கே சொல்வது அரை மணி நேரத்தில் அங்கே போய்விடும். நான் நோட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அஞ்சலை அக்காதான் முதலில் வந்தாள். உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. அவள் வீட்டில் சோறு வடித்து எத்தனை நாள் ஆகிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். நேற்று எத்தனை வேளை என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, லேப்காரரைப் பார்த்தாள். சத்தமாகச் சொன்னாள்.

"எழுதிக்க. மூணு வேளை. ராத்திரி கொழம்பு மிஞ்சிப்போயி நாய்க்கு ஊத்துனேன்."

எழுதினேன். அண்ணே, என் கையால் எழுதினேன். கீரை எத்தனை நாள் என்று கேட்டதற்கு தினமும் என்றாள். அது மட்டும் நிஜம். நீங்கள் கொடுத்த விதையில் கொல்லையில் முளைத்த கீரையைத்தான் உப்புப் போட்டு அவித்து, அதையே காலையிலும் அதையே மாலையிலும் தின்றோம். வாய்க்கால் நத்தை கிடைத்த அன்றைக்குப் பண்டிகை. நீங்கள் விதை தராமல் இருந்திருந்தால் ரெண்டு மூணு உயிர் போயிருக்கும். இதைக்கூட உங்களிடம் சொல்லவில்லை பாருங்கள், எப்பேர்ப்பட்ட பாவி நான்.

ஊசி குத்தி எடுத்ததும் அக்கா சரிந்து விழுந்தாள். லேப்காரர் தண்ணீர் தெளித்து, ரத்தத்தைப் பார்த்தால் சிலருக்கு இப்படித்தான் ஆகும் என்றார். அக்கா கண்ணைத் திறந்ததும் அதையே பிடித்துக்கொண்டாள். "ஆமாங்கய்யா, சின்னதுலேருந்தே ரத்தம்னா பயம்." வயலில் தேள் கொட்டினால் கத்தியால் தானே கீறிக்கொள்கிறவள் அவள். அன்றைக்கு முழுக்க வீடு மாற்றி வீடு, மூணு வேளை, மூணு வேளை. கடைசியில் என் பெயரையும் எழுத வேண்டி வந்தது. எனக்கு நானே கேட்டுக்கொண்டு, எனக்கு நானே மூணு வேளை என்று எழுதிக்கொண்டேன்.

நீங்கள் திரும்பி வந்து நோட்டைப் பார்த்தீர்கள். சோறு அதேதான், கீரை மட்டும் கூடியிருக்கிறது, ரத்தக் கொழுப்பு இறங்கியிருக்கிறது. எடையும் குறைந்திருக்கிறது. கீரையால் எடைகூடக் குறைகிறது என்று எழுதினீர்கள். கட்டுரை அச்சானதும் பூந்திப் பொட்டலத்தோடு தெருவுக்கு வந்து, "உங்க ரத்தம் உலகத்துக்கே பாடம் சொல்லிருச்சு" என்று நீங்கள் பேசியபோது பொம்பளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அஞ்சலை அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தீர்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். தகராறு முடிந்து போயிருந்ததே. ஆனால் தீர்ந்தது பாதிதான் அண்ணே. மெஷின் நின்றது, கூலி அரைகுறையாக வந்தது, கேஸ் நடந்துகொண்டே இருந்தது. முழுசாக நமக்கு என்று மிஞ்சியது ஒன்றுதான். கடைசி வரைக்கும் கீழத்தெரு பட்டினி கிடந்ததை மேலத்தெரு கண்ணால் பார்க்கவில்லை. அதைச் சொல்லிச் சொல்லித்தான் பொம்பளைகள் நிமிர்ந்து நடந்தார்கள். அதை எடுத்துக் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. சூடம் வேறு. என் கை கருகியது போல அந்தச் சூட்டை இன்னமும் உணர்கிறேன்.

பிறகு எண்ணிக்கை வந்தது. அது என்னவென்று நான் கேட்டபோது, அடுப்படியில் என் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து விளக்கினீர்கள். வேறொருத்தர் ஆராய்ச்சி எழுதும்போது இன்னார் இப்படிக் கண்டுபிடித்திருக்கிறார் என்று உங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டுமாம். அப்படி எத்தனை பேர் குறிப்பிட்டார்கள் என்று எண்ணுவார்களாம். எனக்கு அது அர்ச்சனை மாதிரித் தோன்றியது. பெயர் சொல்லச் சொல்லப் பலன். நான் அப்படிச் சொன்னதும் நீங்கள் சிரித்துவிட்டு, "கிட்டத்தட்ட அதான் பாப்பா. பதவி குடுக்கறவன் கட்டுரையைப் படிக்க மாட்டான், எண்ணிக்கையைத்தான் பாப்பான்" என்றீர்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு நூறு தாண்டும்போதும் போன் செய்வீர்கள். நான் மாரியம்மனுக்கு நெய் விளக்குப் போடுவேன். விளக்கை ஏற்றிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்துவிடுவேன். நீங்கள் பேராசிரியர் ஆனீர்கள். துறைக்குத் தலைவர் ஆனீர்கள். எந்த நாட்டிலோ மேடையில் மாலை போட்டார்கள். எல்லாம் அந்த மூணு வேளையின் மேல்.

எப்போது உங்கள் குரல் மாறியது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வேறு ஊர்களில் கீரை கொடுத்துப் பார்த்தார்களாம், கொழுப்பு இறங்கவில்லையாம். ஒருத்தர் எழுதினார், அப்புறம் இன்னொருத்தர். அப்படியென்றால் எண்ணிக்கை குறைந்துவிடுமா என்று கேட்டேன், அறிவு கெட்டவள். போனில் நீங்கள் சிரித்தது எனக்குப் பிடிக்கவே இல்லை.

"குறையாது. திட்டுறதுக்கும் பேரைச் சொல்லித்தானே ஆகணும். திட்டுனாலும் எண்ணிக்கைதான் பாப்பா."

அந்த வருஷந்தான் உங்கள் எண்ணிக்கை மற்ற எல்லா வருஷத்தையும்விட அதிகமாக ஏறியது. அந்த விளக்கை நான் போடவில்லை.

பிறகு ஆவணியில் வந்தீர்களே, அந்த மத்தியானம். வயிற்றில் கட்டி இருப்பது அப்போது உங்களுக்குத் தெரியும், எனக்குத்தான் சொல்லவில்லை. இளைத்துப் போயிருந்தீர்கள். நான் இலை போட்டு மிளகு ரசம் ஊற்றினேன். இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு, தலையைத் தூக்காமலே கேட்டீர்கள்.

"பாப்பா, ஒண்ணு கேக்கறேன். அந்த மாசி மாசம் நம்ம தெருவுல யாராவது பட்டினி கெடந்தாங்களா?"

என் கையில் கரண்டி இருந்தது. "என்னண்ணே இது கேள்வி. அறுப்பு மாசத்துல பட்டினியா? எல்லாரும் மூணு வேளை சாப்புட்டாங்க. நாந்தானே எழுதுனேன்" என்றேன்.

அப்போது நிமிர்ந்து பார்த்தீர்கள். "நீயும்?"

"நானும்."

சரி என்றீர்கள். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னீர்கள். அவ்வளவுதான் அண்ணே. வேறு எதுவும் கேட்கவில்லை. மறுபடி ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா? என்னை மிரட்டியிருக்கக் கூடாதா? சின்ன வயதில் நான் பொய் சொன்னால் காதைத் திருகுவீர்களே.

உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று தெரிந்ததும் கோயிலுக்கு ஓடினேன். பூ கேட்டேன். வெள்ளைப் பூ வந்தால் சொல்லிவிடுகிறேன், சிவப்பு வந்தால் சொல்ல வேண்டாம் என்று வேண்டிக்கொண்டு, பொட்டலம் இரண்டை அவள் காலடியில் வைத்தேன். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். செவ்வரளி. சத்தியத்தைக் காப்பாற்று என்று தாயே சொல்லிவிட்டாள் என்று எனக்கு அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது. சாகப்போகிற மனுஷனிடம் உண்மையைச் சொல்லலாமா என்று பூவைக் கேட்டவள் நான். பங்குனியில் நீங்கள் போய்விட்டீர்கள். நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன்.

புத்தகத்தில் என் பெயரைப் பார்த்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் குளித்துவிட்டு, கோயில் பக்கம் போகாமல், யாரிடமும் பூ கேட்காமல், சங்கீதாவுக்குப் போன் செய்தேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். நேரில் வருகிறேன் அத்தை என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளே வந்தாள். நீங்கள் கடைசி வருஷத்தில் எழுதிவைத்த நோட்டைக் கொண்டுவந்திருந்தாள். அந்த வருஷம் முழுக்க நீங்கள் இதையேதான் தேடிக்கொண்டிருந்தீர்களாம். ஐஸ் பெட்டி சரியில்லையோ, மருந்து கெட்டுப்போயிருந்ததோ, ரத்தம் பார்க்கிற மெஷின் தப்பாகக் காட்டியதோ, லேப்காரர் சீசா மாற்றிவிட்டாரோ என்று பக்கம் பக்கமாக. அவள் அதையெல்லாம் புரட்டிக்கொண்டே வந்து சொன்னாள்.

"சார் எல்லாத்தையும் சந்தேகப்பட்டிருக்காரு அத்தை. உங்களைத் தவிர."

பிறகு ஒரு பக்கத்தில் நிறுத்தினாள். ஆவணி மாதத்துத் தேதி. இங்கிலீஷில்தான் எழுதியிருந்தீர்கள், அவள் தமிழில் சொன்னாள். சாப்பாடு பற்றித் தங்கையிடம் நேரில் கேட்டேன், மூன்று வேளை என்று உறுதியாகச் சொன்னாள், ஆகவே இந்தச் சந்தேகத்தை முடித்துக்கொள்கிறேன். அந்த வரிக்குக் கீழே ஒரு கோடு. அதற்கப்புறம் பக்கமெல்லாம் வெள்ளை.

உலகத்தில் யார் யாரோ உங்கள் பெயரைக் குறிப்பிட்டார்கள், எண்ணினார்கள். நீங்கள் கடைசியாகக் குறிப்பிட்டது என்னை. எத்தனையோ படித்தவர்கள் தப்பு என்று எழுதிக்கொண்டிருந்தபோது, அவர்களை விட்டுவிட்டு என் ஒரு வார்த்தையை நம்பிக் கோடு போட்டுவிட்டீர்கள். அழக்கூட முடியவில்லை அண்ணே. நெஞ்சில் ஏதோ அடைத்துக்கொண்டு, இதற்கெல்லாம் வைத்தியம் தெரிந்தவர் இல்லையே என்று உட்கார்ந்திருந்தேன்.

இனிமேல் என்ன ஆகும் என்று கேட்டேன். கட்டுரை அச்சான பத்திரிகைக்கு எழுத வேண்டுமாம். அவர்கள் விசாரித்துவிட்டு, இது செல்லாது என்று கட்டுரையைத் திரும்பப் பெறலாம். எண்ணிக்கை அழியாதாம், ஆனால் பக்கத்திலேயே திரும்பப் பெறப்பட்டது என்று நிரந்தரமாக நிற்குமாம். சார் பேரு போயிருமே அத்தை, கூட்டம் முடியட்டுமா என்று அவளே தயங்கினாள். இருபது வருஷத்துக்கு மேலாக முடியட்டும் முடியட்டும் என்றுதான் நானும் இருந்தேன் என்றேன். அவள் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். ஏமாற்றியது சார் இல்லை, நான்தான் என்று தெளிவாக எழுதச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். கீழே தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

அனுப்புவதற்கு முன்னால் அஞ்சலை அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சூடம் அடித்தவர்களில் இப்போது ஊரில் பத்துப் பேர்தான் மிச்சம். அவள் படுக்கையில் கிடக்கிறாள், பேச்சு மட்டும் குறையவில்லை. விஷயத்தைச் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"செத்துப்போனவருக்கு இப்பச் சோறு ஊட்டப் போறியாக்கும்" என்றாள். பிறகு, "சொல்லிக்க. இனிமே எவன் வந்து சிரிக்கப்போறான். ஆனா நான் விழுந்தது ரத்தத்தைப் பாத்துத்தான். அதை மட்டும் மாத்தி எழுதாத."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அதை அப்படியே விட்டுவிடச் சொன்னேன் சங்கீதாவிடம். நேற்று அனுப்பிவிட்டாளாம்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் எனக்கு எத்தனை நிமிஷம் தருவார்களோ தெரியாது. உங்களைப் பெரிய ஆள் என்று சொல்ல எத்தனையோ பேர் வருவார்கள். மாலையும் படமும் இருக்கும். நான் யாரைப் பார்த்துப் பேசுவேன்? உங்கள் படத்தைப் பார்க்கிற தைரியம் வருமா? நீங்கள் இலையில் கை வைத்தபடி நிமிர்ந்து பார்த்த அந்தப் பார்வையை இன்னும் எத்தனை நாள் சுமப்பேன் என்று தெரியவில்லை. நீயும் என்று கேட்டீர்களே, அது கேள்வி இல்லை, எனக்குக் கதவைத் திறந்துவிட்டீர்கள் என்று இப்போதுதான் புரிகிறது. எல்லாருக்காகவும் பொய் சொன்னாலும் உனக்காகவாவது ஒரு உண்மையைச் சொல் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ரசம் ஊற்றிவிட்டு வந்துவிட்டேன்.

அதனால் அங்கே போய் ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் இங்கே உங்களுக்கு. இதற்குப் பலன் எதுவும் இல்லை, தெரியும். மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாய் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் தருகிறேன்.

ஆமாண்ணே. அந்த மாசி மாசம் நம்ம தெருவுல ஒரு வீட்டுலயும் ஒலை வைக்கல. நானும் சாப்புடல.